காற்று எங்கட, சாதனை ஆருடைய?

பரீட்சை முடிந்த இரவு. ஹொஸ்டல் அறைக்குள் ஆறு பேர், ஒரு போன். திரையில் ஒருவன் நடுக்கடலில் நிற்கிறான். தண்ணியில் இல்லை, தண்ணிக்கு மேல், ஒரு முழம் உயரத்தில், ஒரு சின்னப் பலகையில். கையில் கயிறு இல்லை. தலைக்கு மேல் பட்டம் இல்லை. பாயும் இல்லை, எஞ்சினும் இல்லை. பின்னால் இருந்து வருகிற காற்றும் அது எழுப்புகிற அலையும்தான் அவனைத் தள்ளுது. கீழே இத்தனை கிலோமீற்றர், இத்தனை மணி, புதிய சாதனை எண்டு ஒரு வரி ஓடுது. எங்களில் ஒருவன் பேசாலைக்காரன். போனைப் பறித்துத் திரும்பவும் முதலில் இருந்து பார்த்தான்.

"டேய், இது சோழகத்தில ஓடுறதுதானே. எங்கட அப்பப்பா ஆக்கள் பாய் போட்டு ஓடினதை இவன் பலகை போட்டு ஓடுறான். ஆனா அப்பப்பாவுக்கு ஆரடா நேரம் பிடிச்சது?"

அப்போது சிரித்துவிட்டுப் படுத்துவிட்டோம். பிறகு அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. இந்தக் கட்டுரை அதாலதான்.

விசயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பலகைக்குக் கீழே ஒரு தூண், தூணின் அடியில் விமானத்துச் சிறகு மாதிரி ஒரு சிறகு, பின்னால் வால் மாதிரி இன்னொரு குட்டிச் சிறகு. இதுதான் ஹைட்ரோஃபொயில். பலகை வேகம் எடுக்க எடுக்க, கீழே இருக்கிற சிறகு தண்ணியை அமத்தி ஆளோடு சேர்த்துப் பலகையை மேலே தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குகிற விசை நாலு மடங்கு. பலகை தண்ணியை விட்டு எழும்பினதும் உரசல் குறைந்துவிடும். அதுக்குப் பிறகு பெரிய அலை தேவையில்லை, காற்று எழுப்புகிற சின்னச் சின்ன அலை முதுகுகளே போதும். காற்றுப்போக்கில் இப்படி ஓடுவதை 'டவுன்விண்ட்' எண்டு சொல்லுகினம். துடுப்பால் நாலு தட்டுத் தட்டி எழும்பி, ஒரு அலையின் முதுகில் இருந்து அடுத்த அலையின் முதுகுக்கு மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கைப்பலத்தை விடக் கண்தான் முக்கியம். எந்த அலை எழும்பும், எது பாதியில் செத்துப்போகும், எந்த இடத்தில் இரண்டு அலை ஒன்றாகச் சேரும் எண்டு தண்ணியைப் படிக்க வேண்டும். அது தெரியாதவனை எந்தக் கார்பன் சிறகும் காப்பாற்றாது.

தண்ணியைப் படிக்கிற கண் மன்னாரில் ஆரிடம் இருக்கு எண்டு நாங்கள் சொல்லித்தான் தெரிய வேணுமோ? சோழகம் எப்ப எழும்பும், வாடை எப்ப திரும்பும், எந்தக் காற்றுக்கு வளைகுடாப் பக்கம் கொந்தளித்துப் பாக்குநீரிணைப் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும், எந்தக் காற்றுக்கு அது அப்படியே மாறும், தீடைகளுக்கு நடுவில் நீரோட்டம் எந்த நேரம் எந்தப் பக்கம் இழுக்கும் எண்டதெல்லாம் தாழ்வுபாட்டிலும் பள்ளிமுனையிலும் தலைமன்னாரிலும் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பெடியனுக்குத் தெரியும். அவனிடம் இல்லாதது மூன்றே மூன்று. சில ஆயிரம் டொலர் பெறுமதியான ஒரு பலகை, நேரம் பிடிக்க ஒரு சாட்சி, பிடிக்காமல் இருக்க ஒரு கடற்படை.

மூன்றாவதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கட முழு வாதமும் அதில்தான் நிற்குது. இந்தக் கடலைக் கடக்கிறது சாதனையா குற்றமா எண்டு தீர்மானிக்கிறது தூரமும் இல்லை, நேரமும் இல்லை, வீரமும் இல்லை. கையில் இருக்கிற கடுதாசிதான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்குவோம். எங்கட பக்கத்துக் கடலில் சாதனை எண்டு முதலில் எழுதப்பட்ட பெயர்களில் ஒன்று தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமியுடையது. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையில் இறங்கி 27 மணித்தியாலம் நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் ஆள் எண்டு அவரைத்தான் சொல்கிறோம். அவர் நீந்தினபோது இரண்டு நாட்டுக்கும் நடுவில் கடல் எல்லைக்கோடு இன்னும் கீறப்படவில்லை. 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் போனார், இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வர. 1971 இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போய், போன கையோடு திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலம். கடலில் இரண்டு இரவு. 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிரை விட்ட மனிதன் அவர். அவருடைய அந்த இருவழி நேரத்தை 2021 ஏப்ரலில்தான் இலங்கை விமானப்படையின் றொசான் அபேசுந்தர முறியடித்தார், 28 மணி 19 நிமிடத்தில்.

இந்த ஆட்களில் ஒருவரையும் நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. சொறிமுட்டைக்குள்ளும் உப்புத் தண்ணிக்குள்ளும் ஒரு நாள் முழுக்கக் கிடக்கிறது என்னெண்டு தெரியாமல் மேசையில் இருந்து நக்கல் அடிக்கிற ஆக்களும் நாங்கள் இல்லை. ஆனால் மாதங்களைக் கவனியுங்கோ. மார்ச், ஏப்ரல். வாடை ஓய்ந்து சோழகம் தொடங்காத இடைவெளி. நீந்துகிற ஆள் காற்று இல்லாத நாளைத் தேடுவார். ஃபொயில்காரன் அதுக்கு நேர் எதிர், காற்று அடிக்கிற நாளைத் தேடுவான். மே கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரைக்கும், சின்ன வள்ளக்காரர் பாதி நாள் கடலுக்கு இறங்க ஏலாமல் கரையில் வலை பொத்திக்கொண்டு இருக்கிற அந்தக் காலம்தான் அவனுக்குச் சீசன். அதாவது எங்கட சனத்துக்கு உழைப்பு இல்லாத நாள்தான் இனி வரப்போகிற சாதனைகளுக்கு நல்ல நாள். இது ஆருடைய பிழையும் இல்லை, காற்றின் கணக்கு. ஆனால் அந்த நாளில் கரையில் சும்மா இருக்கிற பெடியனுக்கு அந்தச் சாதனையில் என்ன பங்கு எண்டு கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு.

இப்ப கடுதாசிக்கு வருவோம்.

2022 மார்ச் 20. மும்பையைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஜியா ராய் தலைமன்னாரில் இறங்கி, 29 கி.மீ. நீந்தி, 13 மணி 10 நிமிடத்தில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஏறினாள். புலா சௌத்ரி 2004 இல் வைத்த நேரத்தைத் தாண்டிய நீச்சல். ஆட்டிசம் பற்றிய விழிப்புணர்வுக்காக நீந்தினாள். கரையில் கைதட்டல், மாலை, கமெராக்கள். எல்லாம் அவளுக்குத் தகும். எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 22. அதே அரிச்சல்முனைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மணல் தீடையில் ஆறு பேரை இந்தியக் கரையோரக் காவல்படை கண்டெடுத்தது. இலங்கையில் இருந்து வந்த தமிழர். நாலு மாதக் கைக்குழந்தையும் அதில் ஒன்று. அரிசியும் பால்மாவும் வாங்க வழியில்லாமல் இரவோடு இரவாக வள்ளத்துக்குக் காசு குடுத்து வந்த சனம். வள்ளக்காரன் தீடையில் இறக்கிப்போட்டுப் போய்விட்டான். அன்றிரவே இன்னும் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு விசாரணை, வழக்கு, மண்டபம் முகாம்.

அதே நீர். அதே முனை. நடுவில் இரண்டே நாள். ஒரு கடத்தல் சாதனை, மற்றக் கடத்தல் ஆட்கடத்தல். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாய் வந்தது எங்கட கெட்ட காலம்.

அந்த நாலு மாதக் குழந்தைதான் அந்தக் கிழமை இந்தக் கடலைக் கடந்த ஆகக் குறைந்த வயதுக்காரர்களில் ஒன்று எண்டு எந்தப் புத்தகமும் எழுதாது. எழுதச் சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை. அகதிப் பயணத்தைச் சாதனை எண்டு புகழ்வது அதைவிடக் கேவலம். நாங்கள் சொல்வது வேறு. இந்தக் கடலைப் பற்றிச் சாதனை எண்டு வாய் திறக்கிற ஆர் என்றாலும் இந்த இரண்டு திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும்.

நீச்சல் பற்றித் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அந்த வீடியோவைப் பேசாலையில் ஒரு ஐயாவுக்குக் காட்டினோம். நண்பனுடைய பெரியப்பா, பாய் வள்ளத்தில் தொழில் செய்த கடைசி ஆட்களில் ஒருவர். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து முழுக்கப் பார்த்தார். பலகையைப் பற்றியோ சிறகைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "காத்தோட போறான், சரி. திரும்பி எப்பிடித் தம்பி வாறது?" என்றார். பின்னால் ஒரு படகு வரும் ஐயா, முடிகிற இடத்தில் ஆட்கள் நிற்பினம், ஏற்றிக்கொண்டு வருவினம் என்றோம். "அப்ப சரி. ஏத்த ஆள் நிண்டா ஆரும் போகலாம்."

காற்றுப்போக்கில் ஓடுகிற சாதனையின் முழு இரகசியமும் அதுதான். அது ஒருவழி ஓட்டம். மற்றக் கரையில் உனக்காக ஆள் நிற்க வேண்டும். தீடையில் இறக்கிவிடப்பட்ட ஆறு பேருக்கு நின்றது ஆர்?

எங்கட சனம் கடக்காத கடல் இல்லை இது. 1914 மார்ச்சில் தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பல் ஓடத் தொடங்கினது; 1964 புயல் தனுஷ்கோடியை விழுங்கின பிறகும் இராமேசுவரத்தில் இருந்து ஓடினது; 80களில் நின்றது நின்றதுதான். வள்ளத்தில் போய் இராமேசுவரத்தில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு வந்த ஒரு மாமாவின் கதை மன்னாரில் எல்லா வீட்டிலும் இருக்கும். அரைவாசி புழுகாக இருக்கலாம், மற்ற அரைவாசி போதும். பிறகு 1974 இலும் 1976 இலும் கொழும்பும் டெல்லியும் கோடு கீறின. பிறகு போர். பாஸ் இல்லாமல் கடலில் இறங்க ஏலாத காலம், இரவில் தொழில் இல்லை, பெரிய எஞ்சின் இல்லை. 1990 இல் இதே பேசாலைக் கரையில் இருந்து வள்ளம் வள்ளமாகச் சனம் போனது. போய்ச் சேராத வள்ளங்களும் உண்டு. அவர்களுக்கு மற்றக் கரையில் நேரம் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை, இந்தக் கரையில் பேர் எழுதி வைக்கவும் ஒருவரும் இல்லை.

1976 எண்டதும் இன்னொன்று ஞாபகம் வருது. மன்னார் வளைகுடாவுக்கு இரண்டு அரசுகள் கோடு கீறின அதே வருசம், ஹவாய்க்காரர்கள் தாங்கள் கட்டின 'ஹொக்குலேயா' எண்ட இரட்டை வள்ளத்தை, திசைகாட்டிக் கருவி ஒன்றும் இல்லாமல், நட்சத்திரமும் அலையும் பார்த்துத் தஹிதி வரை ஓட்டினார்கள். வழிகாட்டினவர் மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மௌ பியாய்லுக். தங்களுடைய பழைய கடலறிவு செத்துப்போகவில்லை எண்டு உலகத்துக்குக் காட்டினார்கள். இப்ப ஃபொயில் உலகமே புனிதத் தலம் மாதிரிப் பார்க்கிற மொலொக்காய் - ஓவாகு ஓட்டமும் அவர்களுடைய கடலில்தான், கிட்டத்தட்ட 51 கி.மீ. நல்ல காற்றில் ஃபொயில்காரர் அதை மூன்று மணிக்குள் முடிக்கினம். அங்கேயும் உல்லாசப் பயணக் கம்பனிகள் இருக்கு, அங்கேயும் நில அபகரிப்பு இருக்கு. ஆனால் அங்கே அலையில் நிற்கிற ஆட்களில் ஊர்ப் பிள்ளைகள் இருக்கினம். போட்டிக்கு ஊர்ப் பெயர் இருக்கு.

எங்களிடமும் இப்படி ஒரு கதை இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டின 'அன்னபூரணி அம்மாள்' எண்ட பாய்க்கப்பல் 1938 இல் ஊர் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் அதை வைத்து என்ன செய்தோம்? வருசத்துக்கு ஒருக்கா பேஸ்புக்கில் போட்டுப் பெருமைப்பட்டோம். அந்தக் கப்பலைக் கட்டின அறிவைப் பிள்ளைகளுக்குக் கடத்த ஒரு பாய்மரப் பள்ளிகூடக் கட்டவில்லை. (திரும்பவும் கடத்தல்.)

இந்த இடத்தில் எங்களோடு சண்டை பிடிக்க இரண்டு கூட்டம் வரும்.

முதல் கூட்டம் விளம்பரக் கூட்டம். கல்பிட்டியில் இடம் நெரிபட, கைட் ஆட்கள் மன்னாருக்கும் வரத் தொடங்கிக் கொஞ்சக் காலம். ஆதாம் பாலம், இராமர் பாலம், நீங்கள் எதுவாகவும் சொல்லுங்கோ, அந்தத் தீடைகள் வரைக்கும் காற்றில் ஓடுகிற பயணங்களை விற்கினம். 2015 இல் தேசியப் பூங்கா எண்டு அறிவிக்கப்பட்ட இடம் அது. விளம்பரப் படங்களைப் பார்த்தால் மன்னாரில் மனிசரே இல்லை. நீலத் தண்ணி, வெள்ளை மணல், சிவப்புப் பட்டம், தூரத்தில் ஒரு கழுதை. கரைவலை இழுக்கிற ஆள் படத்துக்குள் வந்தால் அவரும் ஒரு காட்சி, கழுதைக்குப் பக்கத்தில். வேலைவாய்ப்பு வரும் எண்டு சொல்லுகினம். வரும். பட்டத்துக்குக் காற்றடிக்கிற வேலை, அறை கூட்டுகிற வேலை, படகில் பின்னால் போய் ஏற்றிக்கொண்டு வருகிற வேலை. சாதனைக்குப் பின்னால் ஓடுகிற அந்தப் படகில் இருக்கிறது எங்கட பெடியன். அவனுக்குத் தெரிந்த நீரோட்டத்தில், அவன் காட்டின பாதையில், அவன் சொன்ன நாளில் இன்னொருவன் பெயர் எழுதிக்கொண்டு போவான்.

இது புதுக் கதையும் இல்லை. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்து முத்துக்குளிப்பில் எத்தனை ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கல்லைக் கட்டி இறங்கினார்கள். அரிப்பில் ஆளுநர் கட்டின மாளிகையின் இடிந்த சுவர் இன்றைக்கும் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கு, அதைப் பார்க்கச் சனம் போகுது. வெள்ளைக்காரன் சிப்பியை ஒவ்வொன்றாக எண்ணி எழுதினான். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. ஆர் ஆகக் கூட நேரம் மூச்சுப் பிடித்தான் எண்டதுக்குக் கணக்கு இல்லை. எண்ணுவதற்குரியது சிப்பி, ஆள் இல்லை.

இப்ப எண்ணுவது காற்றை. 2020 டிசம்பரில் மன்னாரின் தென்கரையில் 'தம்பபவனி' திறந்தபோது 30 காற்றாலை, 103.5 மெகாவாற், நாட்டிலேயே பெரிய காற்றாலைப் பண்ணை எண்டு அதுவும் ஒரு சாதனையாகத்தான் அறிவிக்கப்பட்டது. பிறகு அதானி வந்தது, மன்னாருக்கு மட்டும் 52 காற்றாலை எண்டது, 2025 பெப்ரவரியில் விலகிப் போனது. பிறகும் வேறு கம்பனிகள். 2025 ஆகஸ்டில் மன்னார்ச் சனம் காற்றாலைக்கும் இல்மனைற் மண் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் இறங்கினபோது கொழும்பில் கனபேர் கேட்டார்கள், பசுமை மின்சாரத்துக்கு எதிராகவும் போராட்டமா எண்டு. காற்றுக்கு எதிராக ஆரும் போராடவில்லை. ஓடுதண்ணி அடைபடுது, கரையில் பாடு விடுகிற இடம் போகுது, எங்களைக் கேட்காமல் கேட்டதாக எழுதுகினம் எண்டுதான் போராடினார்கள். அதே சோழகம்தான். கம்பனிக்கு மெகாவாற், ஃபொயில்காரனுக்குக் கிலோமீற்றர், எங்களுக்குக் கூரைத் தகரம் பறக்கிற சத்தம்.

இரண்டாவது கூட்டம் எங்கட ஆட்கள். இவர்களோடுதான் எங்களுக்கு உண்மையான கோபம். "சனம் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்குது, இழுவைமடி வந்து வலையை அறுத்துக்கொண்டு போகுது, நீங்கள் பலகையில நிண்டு விளையாடுறதைப் பற்றி எழுதுறியளோ?" எண்டு ஒரு சீனியர் அண்ணா கேட்டார். கட்சி அண்ணா. மதிப்புக்குரியவர். இழுவைமடி பற்றி எங்களுக்கும் தெரியும். 2017 இல் இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடைசெய்த பிறகும் இரவில் எங்கட கரையில் நின்று பார்த்தால் தமிழ்நாட்டு றோலர்களின் வெளிச்சம் ஊர் மாதிரித் தெரியும். 2024 இல் மட்டும் 500க்கு மேல் தமிழ்நாட்டு மீனவர் பிடிபட்டார்கள். அந்தக் கூலிக்காரரும் சிறையில் கிடக்கினம், எங்கட ஆட்களுடைய வலையும் கிழிஞ்சு கிடக்கு, றோலர் முதலாளி மட்டும் வீட்டில் நித்திரை. இதைப் பற்றி நாங்கள் எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம்.

ஆனால் அண்ணா, ஏழைக்கு விளையாட்டு எதுக்கு எண்ட கேள்வி இருக்கே, அது விளம்பரக் கூட்டத்தின் கேள்விதான், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கு. கடல் எங்களுக்கு உழைக்கவும் சாகவும் மட்டும், சிரிக்க இல்லை எண்டு ஆர் முடிவெடுத்தது? சென்னைக்குத் தெற்கே கோவளத்தைப் பாருங்கோ. மூர்த்தி மேகவன் எண்ட மீனவர்தான் அங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினவர். கற்பிக்கிறதும் மீனவப் பெடியள்தான். துடுப்புப் பலகையில் தேசிய வெற்றியாளரான சேகர் பச்சை அந்தக் குப்பத்துப் பிள்ளை. வெளியில் இருந்து காசு வந்தது, ஆட்கள் உதவினார்கள், அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் பலகையில் நிற்கிறது ஊர். எங்கட கிழக்கிலும் அறுகம்பேயில் 2018 இல் பெண்களுக்கெண்டே ஒரு அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள், நாட்டில் முதலாவது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் ஒன்றாக அலைக்குப் போகினம். அவர்களையும் முதலில் ஊர் ஏசத்தான் செய்தது.

ஏச்சு எண்டதும் எங்களில் இருக்கிற பெட்டையள் இதை எழுதச் சொன்னார்கள், எழுதாவிட்டால் கட்டுரையில் பெயர் போட வேண்டாமாம். எங்கட கரையோர ஊர்களில் பத்து வயது வரைக்கும் பெண்பிள்ளை ஆண்பிள்ளை பேதம் இல்லாமல் கடலில் கிடக்கும். பெரியபிள்ளையானால் கடல் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு கடல் எண்டால் கருவாடு, நண்டுக் கம்பனி வேலை, புருசன் வரும்வரை கரையில் நிற்பது. எங்களில் ஒருத்தி தலைமன்னார்க்காரி. பியரில் இருந்து குதித்து நீந்திக் காட்டினவள், இப்ப நீந்தத் தெரியுமா எண்டு கேட்டால், "தெரியும், ஆனா பன்னிரண்டு வருசமா நனையேல்ல" என்கிறாள். இந்தக் கடலில் பெண்கள் வைத்த நேரங்களை நாங்கள் மேலே பெருமையாக எழுதினோம். வங்காளத்தில் இருந்து புலா சௌத்ரி வரலாம், மும்பையில் இருந்து ஜியா வரலாம். தலைமன்னார்ப் பெட்டைக்குத் தலைமன்னார்க் கடலில் இறங்கக் கடற்படை தடையில்லை, மாமிதான் தடை. கடுதாசி கொழும்பில் மட்டும் இல்லை, எங்கட வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடக்கு.

2024 பரிஸ் ஒலிம்பிக்கில் ஃபொயில் பூட்டின பட்டப் பலகையும் ஃபொயில் பூட்டின பாய்ப் பலகையும் போட்டியாகவே இருந்தன. வருசத்தில் பாதி நாள் காற்று அடிக்கிற, சுற்றிவரக் கடல் இருக்கிற ஒரு தீவில் இருந்து அதுக்கு ஒருவரும் போகவில்லை. வறிய நாடு எண்டதால் மட்டும் எண்டு எங்களுக்குத் தெரியவில்லை. கடலோரப் பிள்ளையைக் கொழும்பு விளையாட்டு வீரனாகப் பார்க்காது, நாங்களும் பார்க்க மாட்டோம். வாக்காளன், அகதி, மீனவன், மாவீரன் குடும்பம், எல்லாமாகவும் பார்ப்போம்.

ஆகவே மன்னாரைச் சாதனைக் கடலாக்க வருகிறவர்களிடம் எங்கட கோரிக்கை பெரிசா ஒன்றும் இல்லை. பத்துப் பலகை கொண்டுவந்தால் இரண்டைத் தாழ்வுபாட்டில் விட்டுவிட்டுப் போங்கோ. ஓட்டத்துக்கு நாள் குறிக்கிறதுக்கு முதல் கரைவலைச் சம்மாட்டியிடமும் சங்கத்திடமும் கேளுங்கோ, வலைக்கு மேலால் ஓடாதேங்கோ. உங்களுக்குப் பின்னால் படகு ஓட்டுகிற பெடியனுடைய பெயரையும் சாதனைக் கடுதாசியில் எழுதுங்கோ. உங்களுக்கு இரண்டு நாட்டுக் கடற்படையும் சேர்ந்து வழிவிடும் எண்டால், அந்த வழி ஏன் எங்கட பிள்ளைகளுக்கும் இராமேசுவரத்துப் பிள்ளைகளுக்கும் வருசத்தில் ஒருநாள் திறக்கக் கூடாது? நீந்துகிறவருக்கு அனுமதி குடுக்கத் தெரிந்த அதே மேசைதானே. தலைமன்னார் - தனுஷ்கோடிக்கு நடுவில் இரண்டு கரைப் பெடியளும் பெட்டையளும் பாய் வள்ளத்திலும் பலகையிலும் ஓடுகிற ஒரு நாள். கைது இல்லாத ஒரே நாள். கச்சதீவுத் திருவிழாவுக்கு இரண்டு பக்கத்துச் சனத்தையும் விசா இல்லாமல் விட முடியுது எண்டால் இதுவும் முடியும்.

இதை வாசித்துவிட்டு, சரி நீங்கள் என்ன செய்கிறீங்கள் எண்டு கேட்பீங்கள். கேட்க வேண்டும்.

பேசாலையில் பைபர் வள்ளம் திருத்துகிற ஒரு அண்ணையிடம் போனோம். வீடியோவை மூன்று தரம் பார்த்தார். பலகை பிரச்சினை இல்லை, ரெஜிபோமை வெட்டி மேலே துணியும் ரெசினும் போட்டால் சரி, கீழே இருக்கிற சிறகுதான் யோசிக்க வேணும் என்றார். முதல் பலகையை வாடைப் பக்கத்து ஆழமில்லாத தண்ணியில் போட்டு, நண்பனுடைய வள்ளத்தால் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தோம். சிறகு மரம். எழும்பினது உண்மை, நாலு செக்கன் இருக்கும். பிறகு மூக்குக் குத்தி, பேசாலைக்காரன் ஒரு பக்கம், சிறகு ஒரு பக்கம். கரையில் நின்ற சின்னப் பெடியள் ஒன்று, இரண்டு எண்டு சத்தமாக எண்ணினார்கள். தலைமன்னார்க்காரி போனில் நேரம் பிடித்தாள். அடுத்தது அவளுடைய முறை, மாமி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வைத்திருக்கிறோம். சிறகை அலுமினியத்தில் அடிக்கலாமாம், அண்ணை விலை கேட்டுச் சொல்கிறார்.